கேமராவுக்கு எந்த பேட்டரி: ஒரிஜினலா, வெளிக் கம்பெனியா?

அக்கா மகனுக்குக் காது குத்து. அத்தான் வீட்டுக் குலதெய்வக் கோயில் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி வயலுக்கு நடுவில் இருக்கிறது. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும் என்பதால், கேமராவை அத்தான் கையில் கொடுத்து, "பட்டனை மட்டும் அமுக்குங்க அத்தான், மத்ததை அது பார்த்துக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பேட்டரி அறுபது சதவீதத்துக்குப் பக்கத்தில் காட்டியது. ஆசாரி ஊசியை எடுக்கத் தயாரானார். அத்தான் சொன்னார்: "மாப்ளே, கேமரா செத்துப்போச்சு."

அணைத்துப் போட்டதும் மறுபடி உயிர் வந்தது, நாற்பது சதவீதம் என்றது, ரெண்டு படம் எடுத்தது, திரும்பவும் செத்தது. கேனன் 70டி கேமரா. உள்ளே இருந்தது ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு கடையில் மலிவாக வாங்கிய, கம்பெனிப் பேர் கூடச் சரியாகத் தெரியாத பேட்டரி. "டூப்ளிகேட் வாங்கினா இப்படித்தான்" என்று அத்தான் அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார். அன்றைக்கு நானும் தலையாட்டினேன். இப்போது யாராவது புதுசாகக் கேமரா வாங்கிவிட்டு, இரண்டாவது பேட்டரி எது வாங்கலாம் என்று என்னிடம் கேட்டால் அத்தான் தீர்ப்பை அப்படியே சொல்வதில்லை. அந்த "டூப்ளிகேட்" என்ற சொல்லில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது.

கடைப் பேச்சில் ஒரிஜினல், டூப்ளிகேட் என்று இரண்டே ஜாதி. உண்மையில் மூன்று இருக்கின்றன. முதலாவது, கேமராக் கம்பெனி தன் பெயரில் விற்பது. உள்ளே இருக்கும் செல்லை அதே கம்பெனி செய்திருக்க வேண்டும் என்று இல்லை. செல் செய்வது தனித் தொழில். ஆனால் எந்த செல், எந்தச் சோதனை, எந்த சர்க்யூட் என்று முடிவு செய்து, அதற்குப் பெயர் போட்டுப் பொறுப்பேற்பது கேமராக் கம்பெனி. இரண்டாவது, நீவர், ஸ்மால்ரிக், நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் டிஜிடெக் போன்றவை. இவை தங்கள் சொந்தப் பெயரைப் பெரிதாகப் போட்டு, "இது எல்பி-இ6 (கேனன் பேட்டரி ஒன்றின் மாடல் பெயர்) போடும் கேமராக்களுக்குப் பொருந்தும்" என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பவை. தேர்ட் பார்ட்டி என்பது இதைத்தான். மூன்றாவது, கேனன், நிக்கான், சோனி என்று பொய்யாகப் பெயர் அச்சடித்து ஒரிஜினல் என்று விற்கும் போலி. யார் செய்தது, உள்ளே என்ன வைத்தார்கள், கெட்டால் யாரைக் கேட்பது என்று எதற்கும் பதில் இல்லாதது இதுதான்.

அத்தான் பார்வையில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்று. என் பார்வையில், ஒழுங்கான வெளிக் கம்பெனி பேட்டரி ஒரிஜினலுக்குத்தான் நெருங்கிய சொந்தம். போலி இரண்டுக்கும் ஒட்டாத வேற்றாள்.

உள்ளே என்ன இருக்கிறது

கேமரா பேட்டரியைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு ஓரத்தில் மூன்று நான்கு உலோகப் பட்டைகள். அவ்வளவுதான். (உடைத்துப் பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கும்.) உள்ளே மூன்று சங்கதி இருக்கிறது. விலை வித்தியாசம் முழுக்க இந்த மூன்றில்தான் ஒளிந்திருக்கிறது.

ஒன்று, செல். லித்தியம் அயான் செல் ஒன்று சராசரியாக 3.6 அல்லது 3.7 வோல்ட் கொடுக்கும். பெரிய கேமராக்களின் பேட்டரியில் இரண்டு செல்களை வரிசையாக இணைத்திருப்பார்கள். அதனால்தான் மேலே 7.2 வோல்ட் என்று எழுதியிருக்கும். முழுசாகச் சார்ஜ் ஏறினால் ஒரு செல் 4.2 வோல்ட், இரண்டும் சேர்ந்து 8.4.

இரண்டு, காவல்காரன் மாதிரி ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. 4.2 வோல்ட்டைத் தாண்டி செல்லில் சார்ஜ் ஏற விடக் கூடாது, அடிமட்டம் வரை வற்ற விடக் கூடாது, ஷார்ட் ஆனால் உடனே துண்டிக்க வேண்டும். லித்தியம் செல் இந்த எல்லைகளை மீறினால் கெட்டுப் போகும், வீங்கும், சில சமயம் எரியும். விலையைக் குறைக்க நினைக்கிறவன் முதலில் கை வைக்கக்கூடிய இடம் இந்தக் காவல்காரன்தான், ஏனென்றால் அவன் இல்லாவிட்டாலும் பேட்டரி வேலை செய்யும். ஒரு நாள் தேவைப்படும் வரை அவன் இல்லாதது யாருக்கும் தெரியாது.

மூன்று, பேச்சு. உலோகப் பட்டைகளில் இரண்டு, கரண்ட் போகவும் வரவும். மீதி எதற்கு என்றால், பேட்டரியின் சூட்டை அளந்து சொல்ல ஒன்று, கேமராவோடு தகவல் பரிமாற ஒன்று. உள்ளே இருக்கும் ஒரு சிப், தான் யார், எவ்வளவு மிச்சம், எவ்வளவு கிழடாகிவிட்டேன் என்றெல்லாம் கேமராவுக்குச் சொல்லும். என் 70டியில் ஒரிஜினல் பேட்டரி போட்டு மெனுவில் பார்த்தால் மிச்சச் சதவீதம், இந்தச் சார்ஜில் எத்தனை படம் எடுத்தேன், பேட்டரி ஆரோக்கியம் மூன்று பச்சைக் கட்டங்களில், எல்லாம் வரும். ஆறு பேட்டரி வரை தனித்தனியாகப் பதிவு செய்து வைக்கலாம். நிக்கானில் இதே ஆரோக்கியத்தை 0 முதல் 4 வரை எண்ணாகக் காட்டுகிற மாடல்கள் உண்டு. 0 என்றால் புதுசு, 4 என்றால் மாற்றும் நேரம்.

செல்லில் குறை வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். காவல்காரனில் குறை வைத்தால் ஆபத்து. பேச்சில் குறை வைத்தால் காது குத்துக் கதை.

அறுபது சதவீதம் எப்படிப் பொய்யாகும்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிய, மேலே ஏறி மூடியைத் திறந்து பார்க்கலாம். அது சிரமம் என்றால், கீழே குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தை வைத்து ஊகிக்கலாம். ஒழுங்கான சிப் உள்ள பேட்டரி முதல் வகை. உள்ளே போன கரண்ட், வெளியே வந்த கரண்ட் என்று கணக்கு வைத்திருக்கும். சரியான சிப் இல்லாத பேட்டரியைப் போட்டால், வோல்ட்டேஜைப் பார்த்து ஊகிப்பதைத் தவிரக் கேமராவுக்கு வேறு வழி இல்லை. லித்தியம் பேட்டரியின் வோல்ட்டேஜோ ஊகத்துக்கு லாயக்கில்லாதது. ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கும்; நடுவில் நெடுநேரம் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும்; கடைசியில் செங்குத்தாக விழும். நடுப்பகுதியில் எண்பதா நாற்பதா என்று வெறும் வோல்ட்டேஜை வைத்துச் சரியாகச் சொல்வது கஷ்டம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. தொட்டியில் தண்ணீர் இருந்தும் குழாய்க்குள் உப்புப் படிந்து குறுகியிருந்தால் என்ன ஆகும்? ஒரு குழாயைத் திறந்தால் வரும். கூடவே இன்னொன்றைத் திறந்தால் சொட்டும். மட்டமான செல்லிலும், வயதான செல்லிலும் இந்த உப்புப் படிவு உண்டு. அதற்கு உள்தடை என்று பெயர். கேமரா சும்மா இருக்கும்போது வோல்ட்டேஜ் நன்றாகத் தெரியும். ஃபோகஸ் மோட்டார் ஓடி, ஷட்டர் அடித்து, ஃபிளாஷ் சார்ஜ் ஏறினால் ஒரே நேரத்தில் நிறைய கரண்ட் வேண்டும். வோல்ட்டேஜ் சட்டென்று சரியும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கேமரா அணைந்துவிடும். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் வோல்ட்டேஜ் மேலே வரும். அணைத்துப் போட்டதும் நாற்பது சதவீதம் வந்தது இதனால்தான். அத்தானும் பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார், நான்தானே சொல்லிவிட்டேன்.

இது ஒரிஜினலுக்கு வராது என்று நினைக்க வேண்டாம். ஒரிஜினலும் கிழடாகும், குழாயில் உப்புப் படியும். வித்தியாசம், அது கிழடாவதை மெனுவில் முன்கூட்டியே சொல்லும். நல்ல வெளிக் கம்பெனி பேட்டரிகளிலும் இப்போது சிப் இருக்கிறது, சதவீதம் ஓரளவு ஒழுங்காகவே வருகிறது. ஆரோக்கியக் கட்டங்கள் மட்டும் சிலவற்றில் வராது, சிலவற்றில் எப்போதும் மூன்றும் பச்சையாகவே இருக்கும். எப்போதும் பச்சை காட்டுவதை நம்புவதைவிட ஒன்றும் காட்டாதது மேல்.

அட்டைப் பெட்டி எண்கள்

பேட்டரி வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-ஹவர்) என்று முடியும் எண். எவ்வளவு நேரம் எவ்வளவு கரண்ட் தர முடியும் என்பதன் அளவு அது. தொட்டியின் கொள்ளளவு என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய எண் இருந்தால் நல்லது என்று எல்லோரும் எடுக்கிறோம். விற்கிறவர்களுக்கும் அது தெரியும்.

கேனனின் எல்பி-இ6 இதற்கு நல்ல உதாரணம். 2008-இல் 5டி மார்க் 2 கேமராவோடு வந்தபோது அதன் கொள்ளளவு 1800. 2014-இல் 7டி மார்க் 2 வந்தபோது எல்பி-இ6என் என்று பெயர் மாறி 1865 ஆனது. 2020-இல் ஆர்5, ஆர்6 கேமராக்களோடு எல்பி-இ6என்எச், 2130. டப்பாவின் அளவும் வடிவமும் மாறவே இல்லை. பன்னிரண்டு வருடம் முயன்று அந்த இடத்துக்குள் கேனன் கூட்டியது 330, அதாவது 18 சதவீதம் சொச்சம். அதே டப்பாவுக்குள் 2800 அடைத்திருக்கிறேன், விலை ஒரிஜினலில் நாலில் ஒரு பங்கு என்று பெயர் தெரியாத ஒருவர் சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஒரிஜினலைவிடச் சற்றுக் குறைவாகவோ அதையொட்டியோ எழுதியிருக்கிற வெளிக் கம்பெனியைத்தான் எனக்குப் பிடிக்கும். பெட்டியில் அடக்கமாக எழுதுகிறவர் உள்ளேயும் அடக்கமாகப் பொய் சொல்வார் என்று ஒரு நம்பிக்கை.

எடையும் ஒரு துப்பு. செல்லில் சரக்கு இருந்தால் கனம் இருக்கும். ஒரிஜினலை ஒரு கையிலும் புதியதை மறு கையிலும் வைத்துப் பார்த்தால், காலி டப்பா மாதிரி இருப்பது சட்டென்று தெரிந்துவிடும். வீட்டுச் சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் நல்லது.

"ஒரு சார்ஜில் இத்தனை படம்" என்று கேமரா விளம்பரத்தில் வருகிற எண் வேறு சமாசாரம். சிபா என்ற ஜப்பானியக் கேமராச் சங்கம் வகுத்த சோதனை முறையில் எடுத்தது அது: 23 டிகிரி சூட்டில், 30 விநாடிக்கு ஒரு படம், ஃபிளாஷ் உள்ள கேமரா என்றால் ஒன்று விட்டு ஒரு படத்துக்கு ஃபிளாஷ். சோனி ஏ7 மார்க் 3 கேமராவுக்குத் திரையைப் பார்த்து எடுத்தால் 710 படம் என்று இப்படித்தான் சொன்னார்கள். கேமராக்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும். வெளிக் கம்பெனி பேட்டரியை எடைபோட உங்கள் வீட்டுச் சோதனைதான் உதவும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கேமரா மறுத்தால்

வெளிக் கம்பெனி பேட்டரியின் பெரிய தலைவலி, வெடிப்பதைவிட, ஏற்றுக்கொள்ளப்படாமல் போவதுதான். புது கேனன் கேமராக்கள் சிலவற்றில் இப்படிப் பேட்டரியைப் போட்டதும், இதோடு தொடர்புகொள்ள முடியவில்லை, பரவாயில்லையா என்று கேமரா கேட்கும். ஆமாம் என்றால் வேலை செய்யும். சில கேமராக்கள் கேட்பதோடு நிற்பதில்லை. 2013-இல் டி3100, டி3200, டி5100, டி5200 ஆகிய கேமராக்களுக்கு நிக்கான் ஒரு ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் கொடுத்தது. அதைப் போட்ட பிறகு, அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வெளிக் கம்பெனி இஎன்-இஎல்14 பேட்டரிகள் பலருக்கு ஓடவில்லை. அப்புறம் அந்தக் கம்பெனிகள் புது சிப் போட்டுத் திருத்திய பேட்டரிகளைக் கொண்டு வந்தன. பழசை வைத்திருந்தவர் பணம் போனது போனதுதான். இன்றைக்கு வேலை செய்வது அடுத்த அப்டேட்டுக்குப் பிறகும் வேலை செய்யும் என்ற உத்தரவாதத்தை வெளிக் கம்பெனி கொடுக்க முடியாது. அதனால் ஃபர்ம்வேர் போடும் முன், அதே பேட்டரி வைத்திருக்கும் நாலு பேர் போட்டுவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் காத்திருந்து பார்ப்பது என் வழக்கம்.

கேமராவுக்குள் வைத்தபடியே யுஎஸ்பி வயரில் சார்ஜ் போடும் வசதி இன்னொரு முட்டுக்கட்டை. இது ஒரிஜினலுக்குள்ளேயே தலைமுறை பார்க்கும். நிக்கான் இசட்6 கேமராவில் இஎன்-இஎல்15பி பேட்டரி உள்ளிருந்தபடியே சார்ஜ் ஆகும்; அதற்கு முந்தைய இஎன்-இஎல்15, 15ஏ ஆகியவை ஓடும், ஆனால் உள்ளிருந்து சார்ஜ் ஏறாது. சொந்தப் பிள்ளைக்கே இப்படி என்றால் வெளியாள் கதி கேட்க வேண்டாம். வெளிக் கம்பெனிகள் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. பேட்டரியின் உடம்பிலேயே யுஎஸ்பி-சி துளை வைத்துவிட்டார்கள். போன் சார்ஜரைச் செருகினால் போதும், தனிச் சார்ஜர் தூக்க வேண்டாம். கேனனும் நிக்கானும் தங்கள் பேட்டரியில் இதைச் செய்யவில்லை. அந்தத் துளைக்கும் அதற்கான சர்க்யூட்டுக்கும் உள்ளே கொஞ்சம் இடம் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிய, கரண்ட் அதிகம் தின்கிற கேமராக்கள் வேறு விதமாகக் கண்டிப்பு காட்டுகின்றன. 2024-இல் வந்த கேனன் ஆர்5 மார்க் 2 கேமராவுக்கென்று எல்பி-இ6பி என்று ஒரு பேட்டரி வந்தது. கொள்ளளவு அதே 2130. ஒரே நேரத்தில் அதிகக் கரண்ட் தரக்கூடியது என்பதுதான் புதுமை. பழைய ஒரிஜினல் எல்பி-இ6என்எச் பேட்டரியைப் போட்டாலே அந்தக் கேமராவில் சில வசதிகள் முடங்கும். தொட்டி பெரிதானால் போதாது, குழாயும் அகலமாக வேண்டும் என்ற கதைதான். இப்படிப்பட்ட கேமராவுக்கு வெளிக் கம்பெனி பேட்டரி தேடி மிச்சம் பிடிப்பது, கார் வாங்கிவிட்டு டயரில் கஞ்சத்தனம் பார்ப்பது மாதிரி.

ஆபத்து எவ்வளவு

வெடிக்குமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஒழுங்கான வெளிக் கம்பெனி பேட்டரி வெடிப்பது அபூர்வம். வீங்குவது அவ்வளவு அபூர்வம் இல்லை. வீங்கிய பேட்டரி கேமராவின் பேட்டரி அறைக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வராமல் அடம் பிடிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்கப் பார்த்துக் கேமராவையும் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. நெம்பக் கூடாது. பேட்டரியைக் குத்திவிட்டால் தீ வரும். சர்வீஸ் கடைக்கு அப்படியே கொண்டுபோவதுதான் வழி. கேமரா வாரண்டியில் இருந்தாலும், வெளிக் கம்பெனி பேட்டரியால் வந்த கோளாறுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று கேமராக் கம்பெனிகள் கையேட்டிலேயே எழுதியிருக்கும்.

ஒரிஜினல் என்றால் முழுப் பாதுகாப்பு என்றும் இல்லை. 2012-இல் நிக்கான் தன் சொந்த இஎன்-இஎல்15 பேட்டரியின் சில தொகுதிகளைத் திரும்பப் பெற்றது. உள்ளே ஷார்ட் ஆகி, அதிகமாகச் சூடேறி, உறை உருக்குலையலாம் என்பது காரணம். ஆனால் பாருங்கள், திரும்பப் பெற ஒரு கம்பெனி இருந்தது. தொகுதி எண் இருந்தது. எண்ணைப் பார்த்து, இது அந்தப் பேட்டரியா இல்லையா என்று சரிபார்த்து, மாற்றிக் கொடுத்தார்கள். ஒரிஜினலுக்குக் கொடுக்கிற கூடுதல் காசில் ஒரு பங்கு இந்த முகவரிக்குத்தான். போலிக்கு முகவரி கிடையாது.

இந்தியாவில் வாங்குகிறவர்களுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. லித்தியம் பேட்டரிகள் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவின் கீழ் வருகின்றன. பேட்டரியில் அல்லது பெட்டியில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று வரும். பெட்டியில் ஒரு பெயர், செயலியில் வேறு பெயர் என்றால் அந்த எண்ணை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், எம்ஆர்பி எல்லாம் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் உறையில் வந்து, "பெட்டி இல்லாததால் விலை குறைவு, சரக்கு ஒரிஜினல்" என்று சொன்னால் நான் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

போலியைக் கண்டுபிடிக்க எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, வளைந்த ஸ்டிக்கர் என்று பல குறிப்புகள் சொல்வார்கள். போலி செய்கிறவர்களும் அவற்றைப் படிக்கிறார்கள், திருத்திக்கொள்கிறார்கள். எனக்கு மிஞ்சியிருப்பது விலை ஒன்றுதான். "ஒரிஜினல்" என்று பெயர் போட்டு வெளிக் கம்பெனி விலைக்கு வந்தால், நல்ல தள்ளுபடி என்று குதிக்காமல் சந்தேகப்படுவேன். அந்த விலைதான் முடியும் என்றால் அதே காசுக்குத் தன் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளத் தைரியம் உள்ள கம்பெனியை வாங்குவேன்.

சரி, எதை வாங்குவது

கேமராவோடு வந்த ஒரிஜினல் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கேள்வி இரண்டாவது பேட்டரிக்குத்தான்.

கோயில் திருவிழா, பயணம், வீட்டு விசேஷம் என்று எடுக்கிறவருக்கு, கேமரா கேனன் 1500டி மாதிரி தொடக்க நிலை என்றால், பெயர் உள்ள ஒரு வெளிக் கம்பெனி பேட்டரி தாராளமாகப் போதும். ஒரிஜினல் விலையில் பாதிக்கும் கீழே இரண்டு கூடக் கிடைக்கலாம். அதைப் பையில் வைத்துக்கொண்டு, முக்கியமான நேரத்துக்கு முன்பு ஒரிஜினலைக் கேமராவில் போட்டுவிடுங்கள். நான் அன்றைக்கு இதற்கு நேர்மாறாகச் செய்தேன். ஒரிஜினலைப் பத்திரமாக வைத்திருப்போம் என்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

கல்யாணம் எடுத்துப் பிழைக்கிறவர், மணிக்கணக்கில் வீடியோ எடுக்கிறவர் விஷயம் வேறு. முகூர்த்தத்தைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியாது. ஓடும் பேட்டரி எல்லாம் ஒரிஜினல், வெளிக் கம்பெனி ஒன்று அவசரத்துக்கு என்று வைத்துக்கொண்டால் செலவு கூடும்தான். ஒரு வாடிக்கையாளர் போனால் அதைவிட அதிகம் போகும்.

யாரும் அதிகம் பேசாத ஒரு இடம், பழைய கேமரா. பழைய சின்ன டிஜிட்டல் கேமராக்களைத் தேடி எடுத்து இளைஞர்கள் இப்போது ஆசையாக வைத்துக்கொள்கிறார்கள். கேனன் இக்சஸ் மாதிரியான பல மாடல்களுக்கு என்பி-4எல் போன்ற பேட்டரி வேண்டும். ஒரிஜினல் என்று எங்காவது கிடைத்தாலும் அது எத்தனை வருடம் அலமாரியில் தூங்கியது என்று தெரியாது. லித்தியம் செல் உபயோகிக்காமல் வைத்தாலும் கிழடாகும். பெட்டி பிரிக்காத பத்து வருட ஒரிஜினலைவிடப் போன மாதம் செய்த வெளிக் கம்பெனி பேட்டரி நன்றாக ஓடும். இங்கே மட்டும் ஒரிஜினல் மோகத்தை விட்டுவிடச் சொல்வேன்.

வாங்கிய பிறகு

புது பேட்டரி வந்ததும் முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள். நான் செய்வது இது: முழுசாகச் சார்ஜ் போடுவேன். கேமராவை மேஜையில் வைத்து வீடியோ ஓட விடுவேன். தானாக நின்றால் திரும்பத் தொடங்குவேன். எத்தனை நிமிடம் ஓடியது என்று குறித்துக்கொள்வேன். அதே சோதனை ஒரிஜினலுக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் பெட்டி எண்ணின் உண்மை வெளியே வந்துவிடும். நிமிடத்தோடு இன்னொன்றையும் கவனிப்பேன்: சதவீதம் படிப்படியாக இறங்குகிறதா, நாற்பதிலிருந்து நேராகச் சிவப்புக்குக் குதிக்கிறதா. குதித்தால் அந்தப் பேட்டரியின் நாற்பதை எப்போதும் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்வேன். மூன்று மாதம் கழித்து ஒரு முறை திரும்பச் சோதிப்பேன். ஒவ்வொரு பேட்டரியிலும் வாங்கிய மாதமும் 1, 2, 3 என்று எண்ணும் எழுதி ஒட்டி வைத்தால்தான் இதெல்லாம் நடக்கும். இல்லாவிட்டால் எது எது என்று ஒரு மாதத்தில் மறந்துவிடும்.

சார்ஜருக்கும் இதே கதை. ஒரிஜினல் சார்ஜர் சில வெளிக் கம்பெனி பேட்டரிகளை ஏற்காமல் விளக்கை வேகமாகச் சிமிட்டும். அப்படிச் சிமிட்டினால் வேறு சார்ஜரில் போட்டு ஏமாற்றப் பார்க்காமல் பேட்டரியைத் திருப்பிக் கொடுப்பது நல்லது. மலிவுச் சார்ஜரில் ஒரிஜினல் பேட்டரியைப் போட்டு இரவெல்லாம் விடுவதும் வேண்டாத வேலை.

நம் ஊரில் பேட்டரிக்குப் பெரிய எதிரி வெயில். கேமராக் கையேடுகள் பெரும்பாலும் 0 முதல் 40 டிகிரி வரை என்று எழுதுகின்றன. மே மாதம் மூடிய காருக்குள் அது சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். கேமராப் பையைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது ஒரிஜினல், வெளிக் கம்பெனி இரண்டுக்குமே தண்டனைதான். நெடுநாள் எடுக்கப் போவதில்லை என்றால் முழுசாகவும் இல்லாமல், காலியாகவும் இல்லாமல் பாதிச் சார்ஜில், கேமராவை விட்டு வெளியே எடுத்து, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

விமானத்தில் போனால் கூடுதல் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. ஒரு பேட்டரிக்கு 100 வாட்-ஹவர் வரை கேள்வி இல்லை. வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் அந்த எண் வரும்: சோனி என்பி-எஃப்இசட்100 என்றால் 7.2 பெருக்கல் 2.28 (2280 எம்ஏஎச்சை ஆயிரத்தால் வகுத்தது), அதாவது 16.4. எல்லைக்கு வெகு கீழே. உலோகப் பட்டைகள் சாவி, சில்லறைக் காசு எதிலும் உரசாதபடி மூடியைப் போட்டு வைத்தால் போதும். கேனன் பேட்டரியின் மூடியில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டியிருக்கும். ஒரு பக்கம் போட்டால் ஜன்னல் வழியே நீலம் தெரியும், திருப்பிப் போட்டால் தெரியாது. சார்ஜ் போட்டது எது, தீர்ந்தது எது என்று அடையாளம் வைத்துக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. வருடக்கணக்காகக் கேனன் வைத்திருந்தும் இது தெரியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் மூன்று வருடம் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

காது குத்துப் பேட்டரி கொஞ்ச நாளில் வயிறு உப்ப ஆரம்பித்தது. மேஜையில் வைத்துச் சுற்றிவிட்டால் பம்பரம் மாதிரி சுற்றியது, அடி தட்டையாக இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு அதைச் சார்ஜ் போடவில்லை. பட்டைகளின் மேல் டேப் ஒட்டி, குப்பைத் தொட்டியில் போடாமல், பழைய பேட்டரி வாங்கும் மின்கழிவுப் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். காது குத்துப் படம் கேமராவில் கிடைத்தது அந்த ரெண்டு மட்டும்தான். இரண்டிலும் பையன் அழவில்லை, ஊசி வருவதற்கு முன்னால் எடுத்தவை.